பூத்ஸ் கழற்றிய இயந்திரங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 நவம்பரில் வட இங்கிலாந்தின் பூத்ஸ் சூப்பர்மார்க்கெட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வாடிக்கையாளரே பொருளை ஸ்கேன் செய்து பணம் கட்டிவிட்டுப் போகும் செல்ஃப் செக்அவுட் இயந்திரங்களை இரண்டு கிளைகளில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற கடைகளிலிருந்து எடுத்துவிடுகிறோம்; இனிப் பழையபடி ஆள்தான் பில் போடுவார் என்றது. பூத்ஸுக்கு மொத்தமே முப்பதுக்கும் குறைவான கடைகள்தான். பிரிட்டனின் மிகப் பெரிய சூப்பர்மார்க்கெட்டான டெஸ்கோவின் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் செய்தி நாடு கடந்து போனது. பிரிட்டனில் அதுவரை இயந்திரங்கள் கூடிக்கொண்டேதான் இருந்தன. வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லித் திரும்பிய சூப்பர்மார்க்கெட் அநேகமாக இதுதான் முதல்.

இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் இங்கே வேண்டாம். இந்த ஒரு கடையில், இதன் வாடிக்கையாளர்கள் தூக்கிவரும் கூடைகளில், அந்த இயந்திரம் யாருடைய வேலையை எடுத்து யார் தலையில் வைத்தது என்று பார்ப்போம். ஏன் கழற்றினார்கள், ஏன் இரண்டு இடங்களில் மட்டும் விட்டுவைத்தார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

கடையும் அதன் சரக்கும்

1847-ல் எட்வின் ஹென்றி பூத் என்ற 19 வயது இளைஞர் பிளாக்பூலில் ஒரு தேயிலைக் கடை திறந்தார். அதிலிருந்து வளர்ந்த குடும்ப நிறுவனம் இது. தலைமையகம் பிரஸ்டன். லங்காஷயர், கம்ப்ரியா, யார்க்‌ஷயர், செஷயர் பகுதிகளைத் தாண்டி வெளியே போனதில்லை. கொஞ்சம் வசதியானவர்கள் போகும் கடை என்பதால் 'வடக்கின் வெயிட்ரோஸ்' என்று பட்டப்பெயர் உண்டு (வெயிட்ரோஸ் பிரிட்டனின் மேல்தட்டு சூப்பர்மார்க்கெட்). மலிவு விலை இவர்களின் பலம் கிடையாது. உள்ளூர் சீஸ், உள்ளூர் இறைச்சி, அன்று சுட்ட ரொட்டி, பாக்கெட்டில் அடைக்காத பழம், நல்ல ஒயின் என்றுதான் பெயர் வாங்கினார்கள்.

இந்தச் சரக்குப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினையில் பாதி இதில் இருக்கிறது.

ஒரு கூடையைப் பில் போட்டுப் பார்ப்போம்

ஒரு பால், நான்கு ஆப்பிள், பேக்கரி அலமாரியில் எடுத்த இரண்டு பன், ஒரு ஒயின் பாட்டில். பூத்ஸ் போன்ற கடையில் மிகச் சாதாரணமான கூடை.

பாலைக் காட்டியதும் 'பீப்' சத்தம் வந்துவிடும். அடுத்து அதைப் பை வைக்கும் தட்டில் வைக்க வேண்டும். அந்தத் தட்டுக்கு அடியில் தராசு இருக்கிறது. ஸ்கேன் ஆன பொருளின் எடை கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். தட்டில் ஏறிய எடை அதோடு ஒத்துப்போனால்தான் அடுத்த பொருளுக்கு அனுமதி. நாம் வீட்டிலிருந்து கொண்டுபோன துணிப்பையை முதலில் அதன்மேல் வைத்துவிட்டால் கணக்கு இடிக்கும். பை வைக்கும் இடத்தில் எதிர்பாராத பொருள் இருப்பதாக இயந்திரம் அறிவிக்கும், அதுவும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. பிரிட்டனில் அந்த வாக்கியம் நகைச்சுவைத் துணுக்காகவே மாறிப்போனது. கடைசியில் டெஸ்கோ 2015-ல் அதைக் கைவிட்டு, வேறு குரலில் கொஞ்சம் பணிவான வாசகங்களைப் போட்டது.

அடுத்தது ஆப்பிள். அதில் பார்கோடு இல்லை. திரையில் 'பழங்கள்' என்பதைத் தொட்டு, ஆப்பிளைத் தொட்டு, வரிசையாக வரும் படங்களில் இது காலாவா, பிரேபர்னா, பிங்க் லேடியா என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்லாவில் இருப்பவருக்கு இது ஒரு வேலையே இல்லை. உதிரிப் பழங்களுக்கு நான்கு இலக்க எண்கள் உண்டு. வாழைப்பழத்துக்கு 4011 என்றால் பல நாடுகளில் கேஷியர்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். நாள் முழுக்க அடித்து அடித்து விரலில் ஏறிய அறிவு அது. வாடிக்கையாளருக்கு அது இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. பூத்ஸின் நிர்வாக இயக்குநர் நைஜல் மர்ரே பிபிசியிடம் சொன்ன காரணங்களில் ஒன்று கிட்டத்தட்ட இதுவேதான்: உதிரிப் பழம், காய், பேக்கரிப் பொருள் எங்களிடம் நிறைய; அவற்றை இயந்திரத்துக்குக் கொண்டுபோனால் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது; ஓர் ஆப்பிளுக்கும் இன்னோர் ஆப்பிளுக்கும் சிலருக்கு வித்தியாசம் தெரிவதில்லை என்றார்.

பன்னுக்கும் இதே கதை. எள் தூவியதற்கு ஒரு விலை, தூவாததற்கு ஒரு விலை.

கடைசியில் ஒயின். ஸ்கேன் செய்ததும் இயந்திரத்தின் மேலே சிவப்பு விளக்கு எரியும். சட்டப்படி 18 வயது போதும் என்றாலும், பார்க்க 25-க்குக் கீழே தெரிகிற யாரிடமும் அடையாள அட்டை கேட்பது பிரிட்டன் கடைகளின் வழக்கம். எனவே ஓர் ஊழியர் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். வாங்குபவருக்கு எழுபது வயதானாலும் சரி, விளக்கு எரியத்தான் செய்யும். அந்த ஊழியர் இன்னோர் இயந்திரத்தில் பன் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தால், இவர் நிற்க வேண்டியதுதான்.

ஆக, நான்கு வகைப் பொருளுக்கு ஆள் தேவைப்படும் தருணம் இரண்டு மூன்று. பழகிய கேஷியர் இதே கூடையை, "மழை விட்டதா?" என்று கேட்டுக்கொண்டே முடித்திருப்பார்.

வேலை எங்கே போனது

பணிகளை இயந்திரம் விழுங்குகிறது என்பது வழக்கமான பேச்சு. செல்ஃப் செக்அவுட்டில் இயந்திரம் விழுங்கியது உண்மையில் கொஞ்சம்தான். பொருளை எடுப்பது, பார்கோடைத் தேடித் திருப்புவது, எந்தப் பழம் என்று கண்டுபிடிப்பது, பையில் அடுக்குவது எல்லாவற்றையும் இன்னமும் மனிதக் கைதான் செய்கிறது. அந்தக் கைக்குச் சம்பளம் கிடையாது என்பதுதான் மாற்றம்.

இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி என்ற கடையைத் திறக்கும்வரை, சாமானைக் கேட்டால் கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். நம்மூர் அண்ணாச்சி கடைகள் பலவற்றில் இன்றும் அப்படித்தான். சாண்டர்ஸ் கூடையை வாடிக்கையாளர் கையில் கொடுத்து அலமாரிக்கு அனுப்பினார். 1974 ஜூன் 26 அன்று ஒஹையோவின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாக பார்கோடு ஸ்கேனரைக் கடந்தது. டேவிட் ஹம்பிள் உருவாக்கிய செக்ரோபோட் என்ற இயந்திரம் 1986-ல் அட்லாண்டா அருகே ஒரு க்ரோகர் கடைக்கு வந்தது. அதில் வாடிக்கையாளர் ஸ்கேன் செய்வார், பொருள் பெல்ட்டில் நகரும், மறுமுனையில் ஓர் ஊழியர் பையில் போடுவார், பணத்தை வேறொரு கல்லாவில் கட்ட வேண்டும். பிறகு வந்த இயந்திரங்கள் அந்தப் பை போடும் ஆளையும் பணம் வாங்கும் ஆளையும்கூட எடுத்துவிட்டு, அந்த வேலைகளையும் நம்மிடமே தந்தன.

டாரன் அசெமோக்லு (2024 பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவர்), பாஸ்குவல் ரெஸ்ட்ரெப்போ இருவரும் இந்த மாதிரித் தொழில்நுட்பத்தைச் 'சுமார் ரகம்' என்று வகைப்படுத்துகிறார்கள். ஆளை வெளியே அனுப்பும் அளவுக்குச் சாமர்த்தியம் உண்டு. உற்பத்தித்திறனைப் பெரிதாக உயர்த்தி வேறு இடத்தில் வேலை உருவாக்கும் அளவுக்கு இல்லை. சூப்பர்மார்க்கெட் கல்லா அவர்கள் தரும் உதாரணங்களில் ஒன்று. எனக்கு இந்த வகைப்பாடு பிடித்திருக்கிறது. இயந்திரம் பயங்கரமானது என்றும் சொல்லவில்லை, அற்புதம் என்றும் சொல்லவில்லை. சுமார்.

திருட்டும் சந்தேகமும்

லெஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏட்ரியன் பெக் பல ஆண்டுகளாகக் கடை இழப்புகளை ஆராய்பவர். 2022-ல் வெளியான அவருடைய உலகளாவிய ஆய்வு, கடைகளின் கணக்கில் வராத இழப்பில் 23 சதவீதம் வரை செல்ஃப் செக்அவுட் வழியாகப் போகிறது என்று மதிப்பிட்டது. இதில் வேண்டுமென்றே செய்வதும் உண்டு, கைதவறிப் போவதும் உண்டு. கடைக்காரருக்கு இரண்டும் ஒரே நஷ்டம்தான். ஆனால் இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதுதான் தலைவலி.

லண்டன் சிட்டி பல்கலைக்கழகக் குற்றவியலாளர் எம்லின் டெய்லர் இந்த நடுப்பகுதியைத்தான் ஆராய்ந்தார். பெட்டிக்கடையில் ஒரு மிட்டாய்கூடத் திருடாதவர்கள், இயந்திரத்தின் முன் நின்றால் மட்டும் அவகாடோவைத் தராசில் வைத்துத் திரையில் கேரட்டைத் தொடுகிறார்கள். கடைக்கு வந்த ஸ்டாக்கைவிட அதிகமாகக் கேரட் விற்றதாகக் கணக்கு காட்டிய கதையும் உண்டு. அவர்களிடம் கேட்டால் திருட்டு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இயந்திரம் சரியில்லை, நான்தானே வேலை செய்கிறேன், இவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது என்ன நஷ்டம் என்று ஆளுக்கொரு நியாயம். எதிரே முகம் இல்லாதபோது மனசு சுலபமாகச் சமாதானம் சொல்லிக்கொள்கிறது.

இழப்பைத் தடுக்கக் கடைகள் செய்தது எல்லாமே நேர்மையான வாடிக்கையாளர் தலையில்தான் விழுந்தது. செயின்ஸ்பரீஸ் சில கிளைகளில் ரசீதை ஸ்கேன் செய்தால்தான் திறக்கும் கதவு வைத்தது. டெஸ்கோ 2025-ல் சில கடைகளில் இயந்திரத்துக்கு மேலே கேமரா பொருத்தி, ஸ்கேன் ஆகாமல் பைக்குள் போன பொருளை வாடிக்கையாளருக்கே வீடியோவாகத் திரையில் போட்டுக் காட்டியது. கால்பந்தில் நடுவர் மறுபார்வை பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று மக்கள் கிண்டலடித்தார்கள். வேலையையும் நாமே செய்ய வேண்டும், செய்து முடித்ததும் யோக்கியர்தான் என்று நிரூபிக்கவும் வேண்டும்!

கல்லாவிலிருந்து எழுந்தவர்

ஊழியர் பக்கம் வருவோம். இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எத்தனை வேலை போனது என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. அப்பட்டமாக ஆளை நீக்குவது குறைவு. வாராந்திர மணிநேரத்தைக் குறைப்பதும், விலகிப்போனவர் இடத்தை நிரப்பாமல் விடுவதும்தான் கடைகளில் நடக்கும் வழி. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அதுவே பாதிச் சம்பளம் போன மாதிரி. பிரிட்டனுக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பலருக்குப் பெட்ரோல் நிலையக் கல்லாவோ சூப்பர்மார்க்கெட் கல்லாவோதான் முதல் சம்பளம் தந்த இடம். ஆங்கிலம் பழகியதும் அங்கேதான்.

எஞ்சியவரின் வேலை என்ன ஆனது என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஐரோப்பாவில் கேஷியர்கள் உட்கார்ந்து பில் போடுவார்கள். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு நாற்காலி கிடையாது. ஆறு, எட்டு இயந்திரங்களுக்கு நடுவே ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். எங்கே சிவப்பு விளக்கு எரிகிறதோ அங்கே ஓட வேண்டும். அவரிடம் வந்து சேரும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஏற்கெனவே எரிச்சலில் இருப்பவர், ஏனென்றால் எரிச்சல் இல்லாதவருக்கு அவர் தேவைப்படவே இல்லை. சுமுகமாக முடிந்த பில்கள் அவர் கண்ணில் படுவதில்லை. "அடையாள அட்டை காட்டுங்கள்", "இது ஸ்கேன் ஆகவில்லையே" என்ற இரண்டு வாக்கியங்களையும் அவர்தான் சொல்லியாக வேண்டும். கடையில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களில்தான் என்று கடை ஊழியர் சங்கமான அஸ்டா (Usdaw) நெடுநாளாகச் சொல்லிவருகிறது.

பிரிட்டிஷ் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் குற்றக் கணக்கெடுப்பில், கடை ஊழியர்கள் மீதான வசையும் வன்முறையும் நாளொன்றுக்குச் சுமார் 870 சம்பவங்களிலிருந்து 2022–23-ல் 1,300 ஆனது. அதே ஆண்டு திருட்டில் போனது 180 கோடி பவுண்டு. இதற்கெல்லாம் இயந்திரம்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். விலைவாசி, போலீஸ் பற்றாக்குறை, திட்டமிட்டு அள்ளிக்கொண்டு போகும் கும்பல்கள் எல்லாம் உண்டு. ஆனால் விற்பனையாளராக இருந்த ஒருவரைக் காவலாளியாக்கி, தனியாக, நடுவே நிறுத்தியது இயந்திரம்தான்.

பூத்ஸ் சொன்னதும் விட்டுவைத்ததும்

பூத்ஸின் அறிக்கை இழப்பைப் பற்றிப் பேசவில்லை. வாடிக்கையாளர்கள் சொன்னதைக் கேட்டோம், இயந்திரம் மெதுவாக இருக்கிறது, நம்ப முடியவில்லை, முகம் பார்த்துப் பேசும் பழக்கம் போய்விட்டது என்றது. செயற்கை அறிவுக்குப் பதிலாக நிஜ அறிவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று மர்ரே ஒரு பேட்டியில் சொன்னது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. விளம்பரத்துக்கு ஏற்ற வசனம்தான். பேசத் தெரிந்த மனிதர்.

வசனத்தை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். அதே நவம்பரில்தான் பிரிட்டிஷ் அரசு குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 10.42 பவுண்டிலிருந்து 11.44 பவுண்டாக உயர்த்துவதாக அறிவித்தது. பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆள்செலவு ஏறும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்த நேரத்தில் ஆளைக் கூட்டுவது வெறும் பாசத்தால் எடுத்த முடிவாக இருக்க முடியாது. பூத்ஸில் பொருளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பவர், கனிவான வரவேற்புக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அதை எடுத்துவிட்டால் அவர் ஏன் மலிவு விலை ஆல்டிக்குப் போகக் கூடாது? டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே வருகிறது: ஆள் பில் போட்ட வாடிக்கையாளருக்கு அந்தக் கடைமேல் பற்று கூடுதல், அதிலும் கூடை நிறைய வாங்கியவருக்கு.

இயந்திரம் தப்பித்த இரண்டு கிளைகள் கெஸ்விக், விண்டர்மியர். இரண்டும் ஏரிகள் நிறைந்த சுற்றுலாப் பகுதியில் உள்ளவை. கூட்டம் அதிகம் என்பதால் வைத்துக்கொள்கிறோம் என்றது நிறுவனம். மலையேறப் போகிறவர் ஒரு சாண்ட்விச், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சாக்லெட் எடுக்கிறார். எல்லாவற்றிலும் பார்கோடு இருக்கிறது. அவருக்கு அரட்டை வேண்டாம், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அங்கே அந்த இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. என்னைக் கேட்டால் அறிவிப்பிலேயே புத்திசாலித்தனமான பகுதி இதுதான். கொள்கை வீராப்புக்காக எல்லாவற்றையும் பிடுங்கிப் போடவில்லை.

இயந்திரத்தை விரும்புகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு சாமானுக்கு நீண்ட வரிசையில் நிற்க விரும்பாதவர், காது சரியாகக் கேட்காதவர், ஊருக்குப் புதிதாக வந்து மொழி தடுமாறுகிறவர், வாங்கிய மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கக் கூடாது என்று நினைப்பவர். அவர்களுக்கு யாரும் பேசாமல் இருப்பதே பெரிய வசதி.

மற்றவர்கள் போன வழி

பூத்ஸுக்குப் பிறகு பெரியவர்களும் கொஞ்சம் பின்வாங்கினார்கள். 2024-ல் மாரிசன்ஸ் தலைமை அதிகாரி ரமி பைத்தியே, இயந்திர விஷயத்தில் சற்று அதிகமாகவே போய்விட்டோம் என்று ஒப்புக்கொண்டார். நிறைந்த டிராலியோடு வருபவர்களுக்கு அது பிடிப்பதில்லை என்றார். அமெரிக்காவில் டாலர் ஜெனரல் அதே ஆண்டு சுமார் 12,000 கடைகளில் இயந்திரங்களை எடுத்தது, அல்லது ஆள் பில் போடும் கல்லாவாக மாற்றியது. அங்கே காரணம் வெளிப்படையாகவே இழப்பு. டார்கெட் நிறுவனம் பத்துப் பொருளுக்கு மேல் இயந்திரத்துக்கு வராதே என்று வரம்பு வைத்தது.

இன்னொரு பக்கம், பொருளே தன்னை அறிவித்துக்கொள்ளும் கடைகளில் இயந்திரம் நன்றாக ஓடுகிறது. யுனிக்லோ, டெகாத்லான் கடைகளில் துணிகளை மொத்தமாகத் தொட்டியில் போட்டால் போதும். ஒவ்வொன்றின் சீட்டிலும் உள்ள ஆர்எஃப்ஐடி சில்லு விலையைச் சொல்லிவிடும். ஒரு ஆப்பிளில் அந்தச் சில்லை ஒட்டினால் ஆப்பிள் லாபம் சில்லுக்கே போய்விடும். ஜப்பானில் பல சூப்பர்மார்க்கெட்டுகள் பாதியில் வெட்டின: ஊழியர் ஸ்கேன் செய்வார், பணத்தை மட்டும் வாடிக்கையாளர் பக்கத்து இயந்திரத்தில் கட்டுவார். தேர்ச்சி தேவைப்படும் பாதி தேர்ந்தவரிடமே இருக்கிறது. நெதர்லாந்தின் ஜம்போ நேரெதிர்த் திசையில் போய், அவசரமில்லாதவர்கள் நின்று பேசிக்கொண்டே பில் போடுவதற்கென்று 2019-ல் ஃப்ளைமென் ஊரில் ஒரு தனிக் கல்லா திறந்தது. முதியவர்களின் தனிமையைக் குறைக்கும் அரசு இயக்கத்தோடு சேர்ந்த முயற்சி அது. 2021-ல் அதை 200 கடைகளுக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள்.

கல்லாவே வேண்டாம், எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள் என்ற அமேசானின் திட்டம் தனிக் கதை. 2018-ல் சியாட்டிலில் பொதுமக்களுக்குத் திறந்த கடையில் தொடங்கிய அந்த முறையை, 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் அமேசான் ஃப்ரெஷ் கடைகளிலிருந்து எடுத்துவிடுவதாக நிறுவனம் சொன்னது. யார் எதை எடுத்தார் என்று கேமராப் பதிவைச் சரிபார்க்க இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அமேசான் அந்த வர்ணனையை மறுத்தது. அவர்கள் முக்கியமாக மென்பொருளைப் பயிற்றுவிக்கப் பதிவுகளைக் குறித்துக்கொடுப்பவர்கள், சிறு பகுதியை மட்டுமே சரிபார்க்கிறார்கள் என்றது. இரண்டு தரப்பையும் சேர்த்துப் படித்தாலும் இவ்வளவு மிஞ்சுகிறது: சியாட்டில் கல்லாவில் ஆள் இருக்கவில்லை, இந்தியாவில் கம்ப்யூட்டர் முன்னால் ஆள் இருந்தார்.

சட்டமும் உள்ளே வந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரம் 2025-ல் ஒரு விதி கொண்டுவந்தது. மூன்று இயந்திரங்களுக்கு ஓர் ஊழியர், ஒருவர் அதிகபட்சம் 15 பொருள். கடை ஊழியர் சங்கம் ஆதரித்த விதி அது. அமலுக்கு வந்ததும் சில கடைகள் இன்னோர் ஆளைப் போடவில்லை. செல்ஃப் செக்அவுட் பகுதியையே மூடிவிட்டன. ஆள் பில் போடும் கல்லாவில் வரிசை நீண்டது. சங்கம் கேட்டது கிடைத்தது என்றும் சொல்லலாம், கேட்டது இதுவல்ல என்றும் சொல்லலாம். மூன்றுக்கு ஒருவர் என்று வைத்தால் இயந்திரத்தால் மிச்சமாகும் கூலி பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்பதை மட்டும் அந்தக் கடைகள் தங்கள் கணக்கிலிருந்தே காட்டிக்கொடுத்துவிட்டன.